பொல்கொல்ல ஏன் வரவில்லை?

அன்புள்ள குண்டசாலைத் தம்பிக்கு,

உங்கள் கேள்வி வேறு பலருக்கும் உள்ளதுதான் என்பதால் பத்திரிகையிலேயே பதில் எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை.

தோட்டத்துப் பழைய மழைப் புத்தகத்தைக் கணினியில் அடித்து, கிளவுட் தரவுத்தளத்தில் ஏற்றியிருக்கிறீர்கள். அதைக் கேட்டு வாங்க பைத்தனில் முப்பது வரிப் புரோகிராம். குண்டசாலை என்று கேட்டால் கணக்கு முழுதாக வருகிறது. ஆற்றின் வழியே கொஞ்சத் தூரத்தில் இருக்கும் பொல்கொல்லவைக் கேட்டால், 200 என்ற எண்ணும் உள்ளே ஒன்றுமில்லாத ஒரு ஜோடி சதுர அடைப்புக்குறியும் வருகின்றன. சேர்வரில் பிழையா, உங்கள் புரோகிராமில் பிழையா என்று கேட்கிறீர்கள்.

முதலில் அந்த 200. கேள்வி கிடைத்தது, புரிந்தது, பதில் இதோ என்பது அதன் பொருள். தரவுத்தளத்தைத் திறக்கும் சாவி தவறென்றால் 401 வந்திருக்கும். முகவரி தவறென்றால் 404. அளவுக்கு மீறிக் கேட்டால் 429. இவையெல்லாம் சத்தம் போடும் பிழைகள், பயமில்லை. 200-உடன் வரும் வெறும் பட்டியல்தான் பொல்லாதது. பொல்கொல்லவில் மழையே பெய்யவில்லை என்று நம்பி ஒருவர் கட்டுரைகூட எழுதிவிடலாம்.

அந்த வெறும் பட்டியல் ஏன் வந்தது என்று பார்க்க, கேள்வி போகும் வழியைப் பார்ப்போம். உங்களுடையது போன்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வழக்கமாக 5432-ஆம் வாசலில் (போர்ட்) உட்கார்ந்திருக்கும். பள்ளிக்கூடத்து, அலுவலகத்து வைஃபைகள் பலவற்றில் அந்த வாசல் பூட்டு. எச்டிடிபிஎஸ் போகும் 443 அநேகமாக எங்கும் திறந்திருக்கும். அதற்கும் உதவும்படி கிளவுட்காரர்கள் பலர் தரவுத்தளத்துக்கு முன்னால் எச்டிடிபி வாசல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். நாம் கேட்பது இணைய முகவரியின் வாலிலேயே தொற்றிக்கொண்டு போகிறது. அந்த வாலில் தமிழ் எழுத்து அப்படியே போகாது. யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் அதற்குப் பின்னால் இரண்டு எழுத்துமாக மாறும். ‘குண்டசாலை’ நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி என்பதால் 9 குறி, 27 பைட். வாலில் போகும்போது 81 எழுத்து.

‘பொல்கொல்ல’வும் 9 குறிதான். ஆனால் ஒரு வித்தியாசம். அதில் இரண்டு ‘ொ’ இருக்கின்றன. யூனிகோடில் ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம், கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் மயிரிழை வேறுபாடும் தெரியாது. பைட்டைப் பார்த்தால் இரண்டும் வேறு. போஸ்ட்கிரெஸ் சும்மா விட்டால் பைட்டைத்தான் பார்க்கும்.

மழைக்கணக்கை முதலில் பாமினி எழுத்துருவில் அடித்து, பிறகு யூனிகோடுக்கு மாற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் மாட்டியது. பாமினியில் கொம்பு, எழுத்து, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்போம். மாற்றித் தரும் கருவிகளில் சில, கொம்பையும் காலையும் ஒட்டாமல் தனித்தனியாகவே விட்டுவிடும். நீங்கள் இப்போது அடித்துக் கேட்ட பொல்கொல்ல ஒட்டியது. சேமித்திருக்கும் பொல்கொல்ல பிரிந்தது. குண்டசாலையில் ஒகரமே இல்லை, தப்பித்தது.

சோதிப்பது சுலபம். ஊர் பெயரைக் கொடுக்காமல் முதல் சில வரிகளைக் கேட்டு வாங்கி, ஊர் பெயரின் நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள். பொல்கொல்லவுக்கு 11 என்று வந்தால் நான் சொன்னதேதான். பைத்தனோடு வரும் யூனிகோட்டேட்டா பகுதியில் நார்மலைஸ் என்று ஒன்று உண்டு. ‘என்எஃப்சி’ என்று சொல்லிக் கொடுத்தால் பிரிந்ததை ஒட்டித் தரும். ஏற்றும்போதும் அதைச் செய்யுங்கள், கேட்கும்போதும் செய்யுங்கள். ஔகாரத்தை மட்டும் அது முழுதாகக் காப்பாற்றாது. கொம்புக்குப் பின்னால் ‘ள’ எழுத்தை அடித்து ‘கௌ’ மாதிரி காட்டுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அதை ஆள் வைத்துத்தான் திருத்த வேண்டும்.

திகதிக் குழப்பத்துக்கு வருகிறேன். 2010 கணக்கெல்லாம் முதல் நாள் மாலை 6.30 என்றும், 2004 கணக்கெல்லாம் 6.00 என்றும் வருகிறதென்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். புத்தகத்தில் நேரம் இல்லை, திகதி மட்டும்தான். புரோகிராம் அதை நள்ளிரவு என்று எடுத்து, உலகப் பொது நேரத்துக்கு மாற்றிச் சேமித்தது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால், ஆகவே முதல் நாள் 6.30. 2004 கணக்கில் அந்த அரை மணி எங்கே போனது? 1996 ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் பிறந்திருக்க மாட்டீர்கள். மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்வெட்டு வந்த வருஷம். வெளிச்சத்தை மிச்சம் பிடிக்க நாட்டின் கடிகாரத்தையே மே மாதம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். மீதி அரை மணி 2006 ஏப்ரல் வரை நம்மோடு இருந்தது. மழை இல்லாததால் நகர்ந்த கடிகாரம், உங்கள் மழைக்கணக்கில் வந்து நிற்கிறது. மழைக்கு நேரம் வேண்டாம், வெறும் திகதியாகச் சேமியுங்கள். அதோடு, அந்தப் புத்தகத்தில் ‘நாள்’ எப்போது முடிகிறது என்று விசாரித்து வையுங்கள். வளிமண்டலவியல் திணைக்களக் கணக்கில் நாள் காலை 8.30-க்கு முடியும்.

பைத்தனை விட்டு பாலெரினாவுக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கொழும்பில் டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தில் உருவான மொழி. எச்டிடிபி, ஜேசன் எல்லாம் மொழிக்குள்ளேயே கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். நம் நாட்டுச் சரக்கு என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் பிரிந்த ஒகரம் அங்கேயும் பிரிந்துதான் இருக்கும். முதலில் கணக்கைத் துப்புரவாக்குங்கள், மொழியைப் பிறகு மாற்றலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்

பி.கு.: புரோகிராமை அச்செடுத்துக் கடிதத்தோடு வைத்திருந்தீர்கள். நான்காம் வரியில் தரவுத்தளச் சாவி முழுதாக இருக்கிறது. நான் மையால் அடித்துவிட்டேன். இருந்தாலும் தபாலில் வந்த சாவி, இன்றைக்கே மாற்றிவிடுங்கள். புதிய சாவியை, எழுத அனுமதியில்லாமல் படிக்க மட்டும் உதவுவதாக எடுங்கள்.