புள்ளி அச்சில் தமிழ்

பழைய டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிக்கு ரோமன் எழுத்து பிறவியிலேயே தெரியும். 65 என்ற எண்ணை அனுப்பினால் தன் நினைவகத்திலுள்ள முதல் பெரிய எழுத்தை அடித்துவிடும். தமிழ் அங்கே இல்லை. கிள்ளானில் நாங்கள் செல்லும் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு இன்றும் இப்படிப்பட்ட பொறியில்தான் வருகிறது. ரோமனில் அடிப்பதால் வள்ளியும் வல்லியும் ஒருவராகிவிடுகிறார்கள். (நம் அடையாள அட்டையிலும் இதே கதைதான்.) குருக்கள் பெயரை மாற்றிப் படிக்க, வரிசையில் நிற்கும் பாட்டிமார் திருத்துகிறார்கள். பொருளாளர் ஐயா கேட்டுக்கொண்டதால், கோப்பிலுள்ள தமிழை அப்படியே அடித்துத் தரும் ஒரு சிறு நிரலை வீட்டுக் கணினியில் எழுதினேன்.

இது புதிய சிக்கல் அன்று. 1980களிலேயே நம் நாட்டு முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கியபோது, கணினித் தமிழுக்கு எல்லாமே புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

எழுத்து தெரியாத பொறிக்குப் படமாக அனுப்பலாம். எப்சன் வகைப் பொறிகளில் 27, 75 என்று அனுப்பினால் ‘இனி வருவது படம்’ என்று பொருள். அடுத்த இரண்டு எண்கள், எத்தனை நெடுவரிசைகள் என்பதைச் சொல்லும். எட்டு அங்குல வரிக்கு 480 நெடுவரிசைகள். அதை 224, 1 என எழுத வேண்டும். அதாவது 224 + 256. பிறகு வரும் ஒவ்வோர் எண்ணும் எட்டு ஊசிகளுக்கான ஆணை. மேல் ஊசி 128, அடுத்தது 64, கடைசி 1. 255 அனுப்பினால் எட்டும் அடித்து நேர்க்கோடு விழும். எட்டுப் புள்ளி உயரத்தில் ‘ணூ’ போன்றவை அடங்கா. ஆகவே கட்டத்தாளில் 24 புள்ளி உயரத்துக்கு வரைந்து, ஒரு வரியை மூன்று ஓட்டமாகப் பிரித்தேன். ஓட்டங்களுக்கிடையே வெள்ளைக் கோடு விழாதிருக்க 27, 65, 8 அனுப்பி வரி இடைவெளியைக் குறுக்க வேண்டும். வரைவதுதான் பெரிய வேலை. உகர, ஊகார வடிவங்களுக்கு மட்டுமே 36 கட்டங்கள்!

சுவையான பகுதி எழுத்து வரிசை. தமிழ்ப்பள்ளியில் ‘கோ’ எழுத ஆசிரியை சொன்னது: இரட்டைக்கொம்பு, க, கால். யூனிகோடோ ஒலி வரிசையில் முதலில் ‘க’, அடுத்து ஓகாரக் குறி என்று சேமிக்கிறது. ‘கோலாலம்பூர்’ நம் கண்ணுக்கு 6 எழுத்து. யூனிகோடில் 11 குறிகள். யூடிஎஃப்-8 கோப்பில் 33 பைட்டுகள். ஆகவே நிரல் எகர, ஏகார, ஐகாரக் குறிகளை மெய்க்கு முன்னே நகர்த்த வேண்டும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இரண்டாக உடைத்து மெய்யின் இருபுறமும் வைக்க வேண்டும். அச்சுத்தலை இடமிருந்து வலம் போவதால் ஆசிரியையின் கைவரிசைதான் அதற்குப் பிடிக்கிறது. 1990களின் திஸ்கி கோப்புகளில் கொம்பு முன்னதாகவே இருப்பதால் இந்த வேலை மிச்சம்.

செய்து பார்ப்போருக்கு ஓர் எச்சரிக்கை: கோப்பை உரையாக அனுப்பாதீர்கள், இருமமாகவே அனுப்புங்கள். விண்டோஸில் உரையாக எழுதினால் படத்தின் நடுவே வரும் 10க்கு முன்னால் 13 ஒட்டிக்கொண்டு, எழுத்துகள் சிதறும்.

மூன்று ஓட்டம் என்பதால் சீட்டு மெதுவாகவே வருகிறது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அது ஆகாது. எனவே பெயரும் நட்சத்திரமும் மட்டும் தமிழில். தொகையும் தேதியும் பொறியின் சொந்த எழுத்தில். முழு நிரலும் எழுத்துக் கட்டங்களும் வேண்டுவோர் சங்கத்தில் என்னைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கிரந்த எழுத்துகள் இன்னும் வரையப்படவில்லை. ‘ஸ்ரீ’யை யாராவது வரைந்து தந்தால் நலம்.