சின்ன மீனின் தலையை எறியாதீர்கள்

பங்களாதேஷில் வீட்டுக் குளத்தில் கெண்டை வளர்ப்பவர்கள், குஞ்சு விடுமுன் சின்ன மீன்களை நஞ்சு போட்டுக் கொல்வது வழக்கமாக இருந்தது. தீனியைத் தின்றுவிடுமாம்! கலாநிதி சகுந்தலா தில்ஸ்டெட் குழுவினர், 'மோலா' என்ற விரலளவு மீனைக் கெண்டையோடு வளர்த்துப் பார்த்தார்கள். கெண்டை குறையவில்லை. மோலா குளத்திலேயே பெருகும். வருடாவருடம் குஞ்சு வாங்கத் தேவையில்லை. கெண்டை சந்தைக்கு, மோலா வீட்டுச் சட்டிக்கு.

விற்றமின் ஏ குறைந்தால் பிள்ளைக்கு மாலைக்கண் வரும். மோலாவின் கண்ணிலும் குடலிலுந்தான் அந்தச் சத்து அதிகம். தலையைக் கிள்ளினால் போச்சு! இத்தகைய ஆய்வுகளுக்காக 2021இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

தாய்மாரே, நம்ம நெத்தலிக் கருவாட்டிலும் முள்ளில் கல்சியம் உண்டு. உப்புப் போகக் கழுவி, வறுத்து, அம்மியில் பொடியாக அரைத்துச் சோற்றில் பிசைந்து கொடுங்கள்.