குழூஉக்குறியும் உயிர் காக்கும் சொல்லும்

பள்ளியில் நன்னூல் பயின்ற காலத்தில் 'குழூஉக்குறி' என்ற ஒன்றை நாம் எல்லோரும் படித்திருப்போம். ஒரு தொழிலைச் சேர்ந்தவர்கள் பிறர் அறியாவண்ணம் தமக்குள் வழங்கும் சொல்லே அது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர். தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றதோடு அதை மறந்தும் விட்டோம். ஆனால், தீயும் வெள்ளமும் சூழும் வேளையில் அதே குழூஉக்குறி மனித உயிரோடு விளையாடக் கூடியது என்றால் நண்பர்கள் வியப்படையலாம். அது எவ்வாறு என்று காண்போம்.

1930களில் அமெரிக்கப் போலீஸ் வண்டிகளில் வயர்லெஸ் கருவி புதிது. பல வண்டிகளுக்கும் சேர்த்து அலைவரிசை ஒன்றிரண்டே இருந்தன. ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். ஆகவே பேச்சைச் சுருக்க வழி தேடினர். 1937ஆம் ஆண்டளவில் இல்லினாய் மாநிலப் போலீசின் செய்தித் தொடர்புப் பொறுப்பாளர் சார்லஸ் ஹாப்பர் எண்குறிகளை வகுத்தார். 'பத்து–நான்கு' என்றால் 'செய்தி கிடைத்தது' என்று பொருள். எல்லாக் குறிகளுக்கும் முன்னே 'பத்து' எதற்கு? அக்காலக் கருவியில் பொத்தானை அழுத்தியதும், உள்ளிருக்கும் மின்னாக்கி சுழன்று முழு வேகம் பெறச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் பேசிய முதல் அசை காற்றோடு போய்விடும். போனால் போகட்டும் என்று முன்னால் நிறுத்திய பலியாடுதான் அந்தப் 'பத்து'!

பிறகு கருவி மாறியது, மின்னாக்கி மறைந்தது. குறிகள் மட்டும் மறையவில்லை. அதுமட்டுமா? ஊருக்கு ஊர் தத்தம் விருப்பம்போல் பொருளை மாற்றிக்கொண்டனர். 'பத்து–பதின்மூன்று' என்பது பொதுப்பட்டியலில் வானிலையும் சாலை நிலையும் பற்றிய செய்தி. நியூயார்க் போலீசாருக்கோ அது, காவலர் ஒருவர் ஆபத்தில் சிக்கி உதவி கேட்கும் குரல். ஓர் ஊரில் அபயக் குரலாக இருப்பது அடுத்த ஊரில் மழைச் செய்தி! அவரவர் ஊரில் அவரவர் இருக்கும்வரை தொல்லை இல்லை. இரண்டு ஊர்ப் படைகள் ஒரே இடத்தில் கூடினால் என்னாகும்?

1970ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் காட்டுத் தீ மூண்டது. 13 நாட்களில் 16 பேர் மாண்டனர். 5 இலட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது. பல தீயணைப்புப் படைகள் கூடியும், அலைவரிசை வேறு, சொல் வேறு, தலைமை வேறு என்று திண்டாடின. அந்தப் பட்டறிவில் பிறந்த 'ஃபயர்ஸ்கோப்' என்னும் கூட்டுத் திட்டம், எண்குறியை விட்டு எல்லோருக்கும் விளங்கும் வெளிப்படைச் சொல்லைக் கையாளும் முறையைக் கொண்டுவந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் இக்கருத்து மேலும் வலுப்பெற்றது. பல துறைகள் சேர்ந்து பணியாற்றும் இடத்தில் வெளிப்படைச் சொல்லே பேசவேண்டும் என்பதை, 2006 நிதியாண்டு முதல் அமெரிக்க மைய அரசு தன் நிதியுதவிக்கு நிபந்தனையாக்கியது.

இதில் அறிவியல் உண்மை ஒன்றும் உண்டு. 1948இல் கிளாட் ஷானன் செய்திக் கோட்பாட்டை வெளியிட்டார். நாம் பேசும் மொழியில் தேவைக்கு அதிகமான ஒலிகள் பல உண்டு என்பதும், இரைச்சலில் சில ஒலிகள் அழிந்தாலும் அந்த மிகையே பொருளைக் காக்கிறது என்பதும் அதனால் தெளிவாயின. 'கட்டடத்தில் தீப்பற்றியது' என்பதில் ஓர் எழுத்துப் போனாலும் கேட்பவர் புரிந்துகொள்வார். எண்ணில் அந்த மிகை இல்லை. ஆங்கிலத்தில் 'தர்ட்டீன்' என்பது 'தர்ட்டி' என்று காதில் விழுந்தால் செய்தியே வேறாகிவிடும். சுருக்கத்தின் விலை அது.

அப்படியானால் வாயில் வந்தபடி பேசலாமா? கூடாது. 1990 ஜனவரி 25 அன்று அவியான்கா நிறுவனத்தின் 52ஆம் எண் விமானம் நியூயார்க் அருகே எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தனர். 'எரிபொருள் தீர்ந்து வருகிறது' என்று விமானிகள் வெளிப்படையாகத்தான் சொன்னார்கள். ஆனால், நெருக்கடி நிலையை அறிவிக்கும் உரிய சொல்லை அவர்கள் சொல்லவில்லை. அதனால் நிலைமையின் கடுமை தரையில் இருந்தோருக்கு உறைக்கவில்லை. எளிய சொல் வேண்டும். அதன் பொருளும் இரு தரப்பாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். போலீசுக்கு 100, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 என்று தனித்தனியே அழைத்து வந்தோம். இன்று 112 என்ற ஒரே எண்ணில் மூன்றையும் அழைக்கலாம். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது தமிழகத் தீயணைப்பு வீரர்களோடு இராணுவமும் கடற்படையும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் தோளோடு தோள் நின்றன. அத்தகைய களத்தில் துறைக்கொரு குறி மட்டுமா, ஆளுக்கொரு தாய்மொழியும் இருக்கும். ஆகவே எளிய சொல் எது என்பதை முடிவு செய்பவர் யார்? பேசுபவர் அல்லர், கேட்பவரே.

இதை நான் நூலில் கற்கவில்லை, அடிபட்டுக் கற்றேன். சென்ற பருவத்தில் ஓரிரவு எங்கள் ஆய்வுக்கூடத்தில் சிறு தீ மூண்டது. நான் வாயிற்காவலரிடம் ஓடி, "ஹூடில் அசிட்டோன் பற்றிக்கொண்டது!" என்று ஆங்கிலத்தில் கூவினேன். முதியவர் "ஏனு?" என்றார். அதையே இன்னும் உரக்கக் கூவினேன். பின்னால் வந்த ஹாசன் ஊர்த் தோழர் ஒரே சொல் சொன்னார்: "பெங்கி!" பெரியவர் தீயணைப்புக் குடுவையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னே ஓடினார். ஒரு மேசை கருகியதோடு போயிற்று. 'ஹூட்' என்பதும் 'அசிட்டோன்' என்பதும் எனக்கு அன்றாடப் பேச்சு, அவருக்குக் குழூஉக்குறி. அவர் மேல் குறை ஏதுமில்லை.

பெங்களூரில் தங்கிப் படிக்கும் தமிழ் மாணவர்களாகிய நாம், நம் மொழியைப் போற்றுவதில் சளைத்தவர் அல்லர். அதோடு இவ்வூர்ச் சொல் நான்கைந்தையும் நாவில் வைத்திருப்போம். "பெங்கி பித்திதெ, பேக பன்னி" என்றால் 'தீப்பிடித்திருக்கிறது, விரைந்து வாருங்கள்' என்று பொருள். 'பன்னி' என்று கேட்டு முகம் சுளிக்க வேண்டா; கன்னடத்தில் அது 'வாருங்கள்' என்னும் மரியாதைச் சொல். 112ஐ அழைக்க நேர்ந்தால் முதலில் இடத்தைச் சொல்லுங்கள். அடுத்து நேர்ந்தது என்ன என்பது. பிறகு எத்தனை பேர் சிக்கியுள்ளனர் என்பது. விடுதிக்கு நாம் வைத்த செல்லப் பெயர் வண்டியோட்டிக்குத் தெரியாது. தெருவின் பெயரையும், அருகிலுள்ள கோயில் அல்லது பேருந்து நிறுத்தத்தின் பெயரையும் இன்றே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

பொன்னைப் பறி என்பது பொற்கொல்லருக்குள் இருக்கட்டும். தீயைத் தீ என்போம். கேட்பவர் கன்னடரானால் பெங்கி என்போம்.