என்ஜின் மூடிக்கு நிறம் பூசுதல்

சென்னையினின்று பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஸ்ரீபெரும்புதூர். இராமாநுசர் பிறந்த தலமென்று வைணவர் போற்றும் அவ்வூர், இக்காலத்து மோட்டார் வண்டிகள் பிறக்கும் இடமாகவும் விளங்குகின்றது. அதனருகே இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் ஆலை வண்டி செய்யத் தொடங்கிற்று. தெற்கே ஒரகடத்தில் 2010-இல் ரெனோவும் நிசானும் கூடி நிறுவிய ஆலையும், 2012-இல் டைம்லர் பாரவண்டி ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் ஒன்றன்பின் ஒன்றாக வேலை தொடங்கின. அவ்வாலைகளிற் பணிபுரியும் இளைஞரும், அவர்களோடு பள்ளியிற் பயின்ற நம்மனோரும், பழைய கார் ஒன்றை வாங்கியவுடன் செய்ய விழைவது யாது? பானெட்டைத் திறந்து, உள்ளே வெளிறிக் கிடக்கும் கரிய பிளாஸ்டிக் மூடிக்குச் சிவப்போ வெள்ளியோ பூசி அழகு பார்த்தலேயாம். ஆலையிற் பல கருவிகளோடு செய்யப்பெறும் இத்தொழிலை வீட்டு மாடியில் ஒருவர் தாமே செய்யப் புகின், எவ்வளவு செய்யலாம், எவ்விடத்து நின்றுவிடல் வேண்டும் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது.

தமிழ்ப் பகுதியிற் பெயிண்டைப் பற்றி என்ன பேச்சு என்று நகைப்பாரும் உளர். வண்ணம் என்னுஞ் சொல்லைத் தொல்காப்பியர் செய்யுளின் ஓசைக்கு வழங்கி, அதனை 20 வகையாகப் பகுத்தார். உலகத்தார் அதனை நிறத்துக்கு வழங்கினர். ஓசைக்கு இடந்தரும் ஏடு நிறத்துக்கும் சிறிது இடந்தரலாம்.

முதற்கண் மூடியின் இயல்பை அறிதல் வேண்டும். அஃது என்ஜினைத் தாங்குவதுமன்று, அதற்கு வலிமை தருவதுமன்று. ஒலியை ஓரளவு அடக்குவதும், கம்பிகளையும் குழாய்களையும் மறைத்துக் கண்ணுக்கு ஒழுங்கு காட்டுவதுமே அதன் பணி. பெரும்பாலும் ரப்பர்க் குமிழ்களில் அழுந்தி நிற்பது. என்ஜின் நன்கு ஆறிய பின்னர் மூலை மூலையாக மெல்லத் தூக்கின் வெளிவந்துவிடும். அதனைப் புரட்டினால் உட்புறத்தே சிற்றெழுத்துக்கள் சில வார்க்கப்பட்டிருத்தலைக் காணலாம். கல்வெட்டுப் படிப்பார்போல அவற்றைக் கூர்ந்து படித்தல் நலம். பூசும் முறை முழுதும் அவ்வெழுத்துக்களைப் பொறுத்தது. பி.பி. என்றிருப்பின் அது பாலிபுரொப்பிலீன். பி.ஏ.6 என்றிருப்பின் அது நைலான், அதனையடுத்து ஜி.எஃப்.30 என்றிருப்பின் நூற்றுக்கு முப்பது பங்கு கண்ணாடி நார் கலந்தது என்பது பொருள். பழம்பொருளைப் பிரித்து மீண்டும் உருக்குவார்க்காக இட்ட அடையாளம் இது; நிறம் பூசுவார்க்கும் உதவுகின்றது.

இவ்விரண்டனுள் வேற்றுமை பெரிது. தாமரை இலைமேல் நீர் ஒட்டாது உருள்வதை அறியாதார் இலர். பாலிபுரொப்பிலீனும் ஏறக்குறைய அவ்வியல்பினது. 1954-இல் இத்தாலி நாட்டு நாட்டா என்பார் ஒழுங்குபெற ஆக்கிக் காட்டிய இப்பொருள் கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே கோத்த நெடுஞ்சங்கிலி. பிறிதொரு பொருளைப் பற்றிக்கொள்ளும் கை அதற்கில்லை. ஒரு பரப்பு தன்மேற் படும் திரவத்தை எவ்வளவு இழுக்கின்றது என்பதை மீட்டருக்கு இத்தனை மில்லிநியூட்டன் என்று அறிவியலார் அளப்பர். நீரின் இழுவிசை 72. நைலானுக்கு 40-க்கு மேல். பாலிபுரொப்பிலீனுக்கு ஏறத்தாழ 30 மட்டுமே. ஆகவே நைலான் மூடியில் தக்கவாறு பூசிய பெயிண்டு நிற்கும். பாலிபுரொப்பிலீன் மூடியில் வெறுமனே பூசிய பெயிண்டோ முதற் கோடையிலேயே பாம்புச்சட்டைபோல உரிந்துவிடும். உரிந்தபின் கடைக்காரரையும் பெயிண்டையும் பழித்துப் பயனில்லை.

இவ்வுண்மையை நம் நாட்டு ஓவியத்திலும் காணலாம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் கருவறைச் சுற்றில் 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி என்னும் ஆசிரியர் சோழர்கால ஓவியங்களைக் கண்டறிந்தார். நாயக்கர் காலத்து ஓவியமொன்று அவற்றின்மேற் பூசப்பெற்றிருந்தது; அம்மேற்படலம் உதிர்ந்தவிடத்தே அடியிலிருந்த பழைய நிறம் வெளிப்பட்டது. ஈரச் சுதையின்மேல் தீட்டிய நிறம், அச்சுதை காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும்போது சுவரோடு ஒன்றாகிவிடும். உலர்ந்த பரப்பின்மேல் ஏற்றிய நிறமோ விருந்தினன் போன்றது.

ஆலையார் இவ்விடரை எங்ஙனம் வென்றனர்? எஃகுடலை மின்னேற்றிய பெயிண்டுத் தொட்டியில் முழுக முக்கி, 160 முதல் 180 பாகை செண்டிகிரேடு வரையுள்ள சூளையில் வைத்து இறுக்குவர். பாலிபுரொப்பிலீன் 165 பாகைக்கு அண்மையில் உருகிவிடுமாதலால் பம்பர் முதலிய உறுப்புக்களை அவ்வழியே அனுப்ப இயலாது. அவற்றைத் தனியே பிரித்து, மேற்பரப்பைத் தீச்சுடரால் ஒருகணம் தடவியேனும், பற்றுப்பூச்சு ஒன்றை முதலில் இட்டேனும் பக்குவம் செய்து, 80 பாகையளவில் உலர்த்துவர். தீச்சுடர் தடவுதல் வீட்டிற் செய்யத்தக்கதன்று. பற்றுப்பூச்சோ செய்யத்தக்கது, பிளாஸ்டிக் பிரைமர் என்று கேட்டால் கடையிற் கிடைக்கும்.

வீட்டு வேலையின் பெரும்பகுதி கழுவுதலிலும் தேய்த்தலிலுமே கழிதல் வேண்டும். உட்புறத்துப் பஞ்சு கழற்றக்கூடியதாயின் கழற்றுக. பாத்திரம் விளக்கும் சோப்பு நீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு எண்ணெய்ப் பசை நீங்கக் கழுவி, நன்னீரில் அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த தூய துணியாலே துடைத்தல் வேண்டும். வண்டி கழுவுமிடங்களில் மூடி பளபளக்கவேண்டிச் சிலிகோன் கலந்த பாலிஷைத் தடவிவிடுவதுண்டு. அதன் ஒரு துளி எஞ்சினும் பெயிண்டு அவ்விடத்தை விட்டு விலகி வட்டவட்டமாகக் குழிபடும். தொழிலாளர் அதனை மீன்கண் என்பர். பின்னர் 400-ஆம் எண் வாட்டர் பேப்பரும், அதன்பின் 600-ஆம் எண்ணும் கொண்டு நீரூற்றியே தேய்க்க. பளபளப்பு மங்கினாற் போதும். கண்ணாடி நார் கலந்த நைலானை ஆழத் தேய்ப்பின் நார் வெளியே தலைநீட்டும். உலரத் தேய்ப்பின் அதன் தூள் மூச்சில் ஏறும். தேய்த்து முடிந்தபின் நீர் தெளித்துப் பார்த்தல் ஒரு நல்ல சோதனை: அழுக்கு எஞ்சிய இடத்தில் நீர் திரண்டு விலகும். நைலான் நீரை உறிஞ்சும் இயல்பினதாதலின் ஒருநாள் முழுதும் உலரவிட்டே பூசத் தொடங்குதல் வேண்டும்.

பாலிபுரொப்பிலீனாயின் பற்றுப்பூச்சை மெல்லிதாக ஒருமுறை அடித்து, டப்பாவிற் குறித்த நேரத்துக்குள் அடுத்த பூச்சை இடுக. முகப்பிற் பூசுமுன் உட்புற மூலை ஒன்றில் இம்முறையையே செய்து பார்ப்பது அறிவுடைமை. நன்கு உலர்ந்தபின் பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி வெடுக்கென இழுக்க. கட்டங்கள் நாடாவோடு வந்துவிடின், தேய்த்தலினின்று மீண்டும் தொடங்குதல் வேண்டும்.

எப்பெயிண்டு வாங்குவது? என்ஜின் என்ற சொல்லைக் கேட்டவுடன் 600 பாகை தாங்கும் பெயிண்டே வேண்டுமென்பாருளர். யாம் கேட்ட தவறான அறிவுரைகளுள் மிகப் பரவியது இதுவே. நைலான் மூடி 220 பாகையளவிலும் பாலிபுரொப்பிலீன் மூடி அதனினும் முன்னரும் உருகும். ஆகவே மூடி உள்ளளவும் 600 பாகையை அது காணப்போவதில்லை. அன்றியும், அப்பெயிண்டுகள் பெரும்பாலும் சிலிகோன் பிசினால் ஆயவை; 200 பாகையளவில் சூடேற்றினாலன்றி முழுவன்மை பெறா. புகைபோக்கிக் குழாய்க்கு ஏற்றது மூடிக்கு ஏலாது. பிளாஸ்டிக்குக்கு உரியதென்று குறித்த அக்ரிலிக் பெயிண்டே போதும்.

இனி, எவ்விடத்து நிற்றல் வேண்டுமென்பது. ஆலையில் வண்டிக்கு வரும் கண்ணாடிபோன்ற மினுக்கம் இருபொருட் பூச்சினால் வருவது. பெயிண்டோடு ஹார்டனர் ஒன்றைக் கலந்தவுடன் இரண்டும் வினைபட்டு இறுகும். அந்த ஹார்டனரில் உள்ளது ஐசோசயனேட்டு. அதனைத் தெளிக்கும்போது எழும் பனியைச் சுவாசிப்பார்க்கு ஆஸ்துமா உண்டாகலாம். நாள்தோறும் தெளிப்பார்க்கே இது வருமென்று எண்ணற்க. சிலர்க்குச் சிலமுறையிலேயே உடல் அதனை ஏலாததாகிவிடும். அங்ஙனம் ஆனபின், மிகச் சிறிதளவு மூச்சிற் பட்டாலும் நெஞ்சு இறுகும். இருமல் பலகால் வேலை முடிந்து வீடு சென்றபின் இரவிலே தோன்றுமாதலால் காரணமும் புலப்படாது. மூக்கு எச்சரிக்குமென்று நம்புதற்கும் இல்லை. கேடு விளைக்கும் அளவு மணத்தால் தெரிவதன்று. போபாலில் 1984-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்து ஓரிரவில் கசிந்து ஆயிரக்கணக்கானோரை மாய்த்த மெதில் ஐசோசயனேட்டு எளிதில் ஆவியாகும் வேறொரு பொருளே. ஆயினும் இரண்டிலும் வினைபுரிவது ஒரே அணுத்தொகுதி.

ஆலையிலே தெளிக்கும் அறையில் மேலிருந்து கீழ்நோக்கிக் காற்று ஓடிக்கொண்டிருக்கும். தெளிப்பது பெரும்பாலும் இயந்திரக் கை. மனிதர் புகுந்து தெளிப்பின், வெளியினின்று குழாய் வழியே நற்காற்று வரும் முகமூடி அணிவர். பத்தடி அறையொன்றில் நால்வர் தங்கும் வாடகைக் குடியிருப்பில் இவற்றுள் எது உண்டு? கைக்குட்டையும் துணி முகமூடியும் இப்பனியைத் தடுக்கமாட்டா. அடிக்குமிழை அழுத்தி உள்ளேயே ஹார்டனரைக் கலக்கும் ஸ்பிரே டப்பாக்களும் இப்பொழுது விற்கப்படுகின்றன. வடிவம் எளிதாயினமையால் பொருள் எளிதாகிவிடவில்லை. ஆதலின் டப்பாவில் ஐசோசயனேட்டு என்ற சொல்லோ, ஹார்டனர் என்ற சொல்லோ காணப்படின், அதனை வீட்டிற் பயன்படுத்தாதிருத்தலே யாம் கூறும் வரம்பு. ஒருபொருட் பூச்சு சிறிது மங்கலாகத் தோன்றும். பெட்ரோல் பட்டால் கரையவும் கூடும். பானெட்டின் அடியிற் கிடக்கும் மூடிக்கு அது போதாதென்பார், தம் மார்பின் விலையை மிகக் குறைத்து மதிப்பிடுகின்றனர்.

ஒருபொருட் பூச்சிலும் கரைப்பான் ஆவி உண்டு. டப்பாவைத் தள்ளும் வாயுவோ பெரும்பாலும் சமையல் வாயுவின் இனமே. ஆதலால் திறந்த மாடியில், அடுப்பும் விளக்கும் இல்லாவிடத்தே, கரிப்பொதி வைத்த முகமூடி அணிந்தே தெளித்தல் வேண்டும். மாசியும் பங்குனியும் இதற்கு நல்ல காலம். ஐப்பசி கார்த்திகை மழையில் தெளித்தால், கரைப்பான் ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து காற்றின் ஈரம் அதன்மேற் படிய, நிறம் வெண்சாம்பல் பூத்துவிடும். சித்திரை வெயிலில் டப்பாவைக் காருக்குள் வைத்துச் செல்லுதல் கூடாது. 50 பாகைக்கு மேற்பட்டால் அது வெடிக்கவும் கூடும்.

ஒரு சாண் முதல் ஓரடி வரை தள்ளி நின்று, கையை நிறுத்தாது வீசி, மூன்று நான்கு மெல்லிய பூச்சாக இடுக. பூச்சுக்குப் பூச்சுப் பத்துப் பதினைந்து நிமிடம் இடைவெளி விடுக. ஒரே பூச்சில் முடிக்க விரைவார்க்கு ஒழுகலே கிடைக்கும். தொட்டால் ஒட்டாமை உலர்ந்தமைக்கு அடையாளமன்று. ஒரு வாரமேனும் நிழலில் விடுதல் வேண்டும். பின்னர்ப் பஞ்சையும் ரப்பர்க் குமிழ்களையும் முன்போற் பொருத்தி, கம்பியோ குழாயோ மூடியின்கீழ் நசுங்காமை பார்த்து அழுத்துக. முதன்முறை என்ஜின் சூடேறும்போது எஞ்சிய கரைப்பானின் நாற்றம் சிறிது எழும்; பானெட்டைத் திறந்துவைத்து, வெளியிடத்தில் கால்மணி நேரம் ஓடவிட்டால் அது போய்விடும்.