நாணயமும் நம்பிக்கையும்

தமிழ்மொழியில் ஒரு சொல்லே இருபொருள் தந்து நம்மைச் சிந்திக்கச் செய்யும் இடங்கள் பல. 'கடன்' என்பது திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளையும் குறிக்கும். ஒருவன் தவறாது செய்யவேண்டிய கடமையையும் குறிக்கும். 'நாணயம்' என்பது கையில் வழங்குங் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். பொருளும் ஒழுக்கமும் இங்ஙனம் ஒரு சொல்லிற் குடியிருத்தலைக் கண்ட யாம், ஏழை மக்கள் சிறுதொழில் தொடங்குதற்பொருட்டு ஈடு கேளாது கடன் கொடுக்கும் முறையை ஈண்டு ஆராயப் புகுந்தோம். ஈடின்றிக் கொடுத்த பொருள் எவ்வாறு திரும்பும்? அது பெற்றவர்க்கு எப்பொழுது ஊன்றுகோலாகும், எப்பொழுது தளையாகும்? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருளாம்.

குறியெதிர்ப்பை

ஈடில்லாக் கடன் நமக்குப் புதிதன்று. அளவு குறித்து வாங்கி அவ்வளவே எதிர் கொடுத்தலைப் பழந்தமிழர் 'குறியெதிர்ப்பை' என்றனர். திருவள்ளுவர் ஈகை இன்னதெனத் தெளிவிக்குமிடத்து அதனின் வேறாக இதனைக் கூறினர். புறநானூற்று 163ஆம் பாட்டிலும் இச்சொல் உளது. குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார், அப்பொருளை யார் யார்க்கெல்லாம் கொடுக்கவேண்டும் எனத் தம் மனைவிக்குச் சொல்லுங்கால், சுற்றத்தின் பசி தீர அவளுக்குக் குறியெதிர்ப்பை தந்தோரையும் மறவாது சேர்த்துரைக்கின்றார்.

புலவர் மனைக்கு அரிசியோ பிறிதோ அளந்து கொடுத்த அவ்வயல்மனைப் பெண்டிர் ஓலை எழுதி வாங்கினரல்லர். பொன்னை ஈடாகப் பெற்றனருமல்லர். அம்மனையில் எத்துணை வாய்கள் பசித்திருந்தன என்பதனையும், அவள் சொல் எத்தன்மைத்து என்பதனையும் அவர்கள் அறிந்திருந்தனர். அறிவே ஈடாக நின்றது. இதனை நாம் உளங்கொள்ளல் வேண்டும். பின்வரும் வரலாறுகள் யாவும் இதன் விரிவேயாம்.

இராய்பைசன் கண்ட வழி

அயலார்க்கிடையே இயல்பாய் நிகழும் இவ்வுதவியை ஊர் முழுதுக்கும் உரிய முறையாக அமைத்தல் கூடுமோ என ஆராய்ந்தவருள் ஒருவர் ஜெர்மனி நாட்டுப் பிரடெரிக் வில்லெம் இராய்பைசன் (1818–1888). அவர் வையர்புஷ் என்னும் சிற்றூர்ப் பகுதியின் தலைவராயிருந்த 1846–47ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பஞ்சம் வந்துற்றது. செல்வரிடம் பொருள் திரட்டி, மாவு வருவித்து, ஊர்ப்பொது அடுப்பில் அப்பம் சுடுவித்து, குறைந்த விலைக்குக் கடனாகவும் வழங்கினர். அடுத்துப் பணியாற்றிய ஊர்களிலும் செல்வர் துணைகொண்டே சங்கங்கள் அமைத்தனர். ஆயினும் செல்வரின் இரக்கம் நெடுங்காலம் நிலைத்து நில்லாதென்பதை அவர் பட்டறிந்தார். ஆகவே 1864ஆம் ஆண்டில், ஹெட்டஸ்டார்ப் என்னுமிடத்தில், கடன் வேண்டுவோர் தாமே உறுப்பினராய்க் கூடித் தம்முட் கடன் வழங்கிக்கொள்ளும் சங்கத்தை நிறுவினர்.

அவர்தம் முறைக்குச் சில விதிகள் உயிராயிருந்தன. சங்கத்தின் எல்லை சிறிதாயிருத்தல் வேண்டும். ஒருவரையொருவர் அறிந்தோரே உறுப்பினராதல் வேண்டும். எதன்பொருட்டுக் கடன் என்பதை வினாவுதல் வேண்டும். ஒருவர் தவறினால் அனைவரும் பொறுப்பேற்றல் வேண்டும். நிலமில்லாதானுக்கும் அயலாருடைய அறிவு ஈடாயிற்று. குறியெதிர்ப்பையின் கருத்து ஒரு பெருநிறுவனமாக உருக்கொண்டது எனலாம்.

இவ்வழி நம் நாட்டிற்கு வந்தது சென்னை வாயிலாகவே. வேளாண்மக்களின் கடன் துயருக்கு மாற்றுக் காணுமாறு சென்னை அரசினர் 1892ஆம் ஆண்டில் சர் பிரடெரிக் நிக்கல்சன் என்பாரை ஏவினர். அவர்தம் அறிக்கை 1895லும் 1897லும் இரு பகுதிகளாக வெளிவந்தது. இராய்பைசனை ஒத்த ஒருவரைத் தேடிக் காண்க என்பதே அதன் முடிந்த கருத்தாயிருந்தது. 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் ஒன்று தோன்றியது. நிக்கல்சன் சட்டத்தைத் தேடுக என்னாது மனிதரைத் தேடுக என்றது ஆழ்ந்து நோக்கற்பாலது.

தேனீயும் தோழமையும்

கடன் கிடைத்துவிட்டால் தொழில் நடந்துவிடுமோ? நடவாது. இதனை மார்த்தாண்டம் நமக்குக் கற்பிக்கின்றது. அன்று திருவிதாங்கூர் நாட்டைச் சார்ந்திருந்து, 1956ஆம் ஆண்டு முதல் கன்னியாகுமரி மாவட்டத்துள் அடங்கிய அவ்வூரில், ஒய்.எம்.சி.ஏ. என வழங்கும் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தார் ஒரு கிராமப் புனரமைப்பு நிலையம் நடத்தினர். 1920ஐ அடுத்த ஆண்டுகளில் அதனை வளர்த்தவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர். மக்கள் தாமே முயலுதல், அறிந்தோர் அவர்தம் அருகிருந்து வழிகூறல் என்னும் இரண்டுமே அந்நிலையத்தின் கொள்கைகளாயிருந்தன.

அங்கே கற்பிக்கப்பட்ட தொழில்களுள் ஒன்று தேனீ வளர்ப்பு. பழைய முறையில் அடையைப் பிழிந்து தேனெடுப்பர். அடையும் அழியும், அதிலுள்ள புழுக்களும் மாளும். பெட்டி முறையிலோ, அடை கட்டிய சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுழற்சிக் கருவியில் இட்டுத் தேனைப் பிரித்து, அடையை மீண்டும் தேனீக்களுக்கே கொடுத்துவிடலாம். ஆனால் பெட்டி வாங்கியவன் எல்லாம் தேன் எடுத்துவிட முடியாது. இராணித் தேனீயை அடையாளங் காணவேண்டும். கூட்டத்தை எப்பொழுது பிரிப்பதென அறியவேண்டும். இரப்பர் மரங்கள் துளிர்க்கும் பருவத்தில் தேன் மிகுதலும், மழைக்காலத்தில் இரையின்றித் தேனீக்கள் மெலிதலும் தெரிந்திருக்கவேண்டும். இவை அறியாதான் கையில் கடனாற் பெற்ற பெட்டி விரைவில் வெறும்பெட்டியாகும். தேனீ பறந்துபோகும், கடன் பறந்துபோகாது.

ஆகவே கடனுக்கு முன்னே பயிற்சி வேண்டும். பயிற்சிக்குப் பின்னே துணை வேண்டும். முதற்பருவத்தில் தேன் குறைந்தபோது, 'இது இயல்பே. அடுத்த பருவம் வரை பொறு' எனச் சொல்ல ஒருவர் இருப்பாராயின், பெட்டியை விற்றுவிட எண்ணியவனும் நிலைத்து நிற்பான்.

ஜோப்ரா என்னும் சிற்றூர்

இனி, நம் காலத்தில் இம்முறையை உலகெலாம் அறியச் செய்த நிகழ்ச்சியைக் காண்போம். வங்காளதேசத்தில் 1974ஆம் ஆண்டிற் கொடிய பஞ்சம் உண்டாயிற்று. சிட்டகாங் பல்கலைக்கழகத்திற் பொருளியல் கற்பித்துவந்த முகம்மது யூனுஸ், தாம் கற்பிக்கும் நூலறிவு வாயிலுக்கு வெளியே மடியும் மக்களுக்கு உதவாமை கண்டு வருந்தி, அயலிலுள்ள ஜோப்ரா என்னும் சிற்றூர்க்குச் சென்றார். அங்கே மூங்கிலால் மோடா முடையும் ஒரு பெண், மூங்கில் வாங்க 5 டாக்கா கடன் பெற்று, முடைந்ததைக் கடன் கொடுத்தவனுக்கே விற்கவேண்டியவளாயிருந்தாள். நாள் முழுதும் உழைத்தும் அவளுக்கு எஞ்சியது அரை டாக்காவே. அவளை ஒத்த 42 பேர் அவ்வூரில் பட்டிருந்த கடன் முழுதும் 856 டாக்கா. 1976ஆம் ஆண்டில் யூனுஸ் அதனைத் தம் கையினின்று கொடுத்தார்.

ஈடின்மையால் வங்கியார் கடன் தர மறுக்க, அவர் தாமே பிணையாக நின்றார். 1983ஆம் ஆண்டில் கிராமீன் வங்கி தனிச் சட்டத்தால் நிறுவப்பட்டது. ஐவர் ஒரு குழுவாகக் கூடுவர். முதலில் இருவர் பெறுவர். அவர்கள் ஒழுங்காய்ச் செலுத்தக் கண்டு ஏனையோர் பெறுவர். வாரந்தோறும் ஓரிடத்திற் கூடுவர். உறுப்பினருட் பெரும்பாலார் பெண்டிரே. 2006ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசு யூனுசுக்கும் அவ்வங்கிக்கும் சேர்த்து அளிக்கப்பட்டது.

நம் நாட்டிலும் 1989ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்திற் பெண்டிர் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1992ஆம் ஆண்டில் நபார்டு வங்கி சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை வகுத்தது. முதலிற் சேமித்தல், பின்னர்த் தம்முட் கடன் கொடுத்துப் பழகல், அதன்பின் வங்கிக் கடன் பெறல் என்பது இக்குழுக்களின் வரிசை.

நம்பிக்கை நச்சாதல்

இத்துணை நன்மை உடைய முறை எங்ஙனம் தீமையாதலுங் கூடும் என்பதனை மறைத்தல் முறையன்று. 2010ஆம் ஆண்டில் ஆந்திர நாட்டிற் சிறுகடன் நிறுவனங்கள் பல விரைந்து பெருகியிருந்தன. ஒரே இல்லத்தார் பல நிறுவனங்களிற் கடன் பெற்றனர். ஒன்றை அடைக்க மற்றொன்றை வாங்கினர். வசூலிப்போர் வாயிலில் வந்து நின்று நெருக்கினர். உயிர் மாய்த்துக்கொண்டோர் பற்றிய செய்திகள் வந்தன. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் அம்மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. கடன் திரும்புதலும் நின்றுபோயிற்று.

குழு அங்கும் இருந்தது. வாரக் கூட்டமும் இருந்தது. இல்லாமற்போனது எது? கொடுப்பவர் பெறுபவரை அறிதல். எத்தொழில், என்ன வருவாய், வேறெங்குக் கடன் என வினாவாது கொடுத்தவிடத்து, அயலாரின் அறிவு துணையாயிராது ஒற்றாயிற்று. நாணயத்தைக் காக்கும் நாணம், ஊரார்முன் தலைகுனியச் செய்யும் கருவியாயிற்று.

ஆராய்ச்சியாளர் முடிபும் இதனோடு ஒத்து வருகின்றது. இந்தியா, எத்தியோப்பியா, மெக்சிகோ முதலிய ஆறு நாடுகளிற் சிறுகடனை ஆராய்ந்து 2015ஆம் ஆண்டில் வெளியிட்டோர், அதன் பயன் ஓரளவினதே, வாழ்வை மாற்றியமைப்பதன்று எனக் கண்டனர். அவ்வாண்டிலேயே வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, வங்காளதேசத்துப் பிராக் நிறுவனம் 2002ஆம் ஆண்டில் தொடங்கிய முறையைத் தழுவியது. அதன்படி மிக வறியோர்க்குக் கால்நடை முதலிய பொருளைக் கடனாகவன்றிக் கொடையாகத் தந்து, பேணும் பயிற்சியும் தந்து, அடிக்கடி மனைக்கு வந்து வழிகாட்டினர். இந்தியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் நடந்த அம்முயற்சி முடிந்து ஓராண்டு கழிந்தபின்னும் பயன் நிலைத்திருந்தது. பணத்தோடு மனிதரும் சென்ற இடத்தில் விளைவு வேறாயிற்று.

நம் கடன் யாது?

வழிகாட்டுதல் என்றவுடன் பெரிய புலமை வேண்டுமென எண்ணற்க. ஒரு கணக்கை நோக்குமின். ஒருத்தி 10,000 ரூபாய் பெற்று, வாரம் 220 ரூபாயாக 50 வாரம் செலுத்துகின்றாள் எனக் கொள்வோம். மொத்தம் 11,000 ரூபாய். வட்டி நூற்றுக்குப் பத்து என்று தோன்றும். ஆனால் முதல் வாரமே அவள் திருப்பத் தொடங்கிவிடுகின்றாள்; ஆண்டு முழுதும் அவள்பால் உள்ள கடன் சராசரியாக 5,000 ரூபாயளவே. ஆகவே உண்மை வட்டி ஏறத்தாழ நூற்றுக்கு இருபது. இன்னும், முதல் வாரமே தவணை தொடங்குதலின், ஆறு திங்கள் கழித்துப் பயன்தரும் தொழிலுக்கு இக்கடன் பொருந்தாது. அன்றன்று விற்றுக் காசாகும் தொழிலுக்கே பொருந்தும். இச்சிறு கணக்கைக் கடன் பெறுமுன் ஒருவர் உடனிருந்து சொல்லியிருப்பின், எத்துணை இல்லங்கள் துயர் நீங்கியிருக்கும்!

நம் கல்லூரியிற் பயில்வோர் பலர் சிற்றூர்களினின்று வந்தோர். விடுமுறைக்குச் செல்லுங்கால் நம் ஊர்க் குழுவின் கணக்கேட்டை ஒருமுறை உடனிருந்து படித்துக் காட்டுதல் நமக்கு அரிதன்று. வங்கிப்பணியிலும் வாணிகத்திலும் உயர்ந்துள்ள பழைய மாணவர், தொழில் தொடங்கும் ஓர் இளைஞனுக்கேனும் ஓராண்டுக் காலம் வழிகூறித் துணைநிற்றல் ஆகாததன்று. பொருள் உடையோர் பொருள் கொடுப்பாராக. பொருளில்லா மாணவராகிய யாம் அறிவையும் நேரத்தையும் கொடுப்போமாக. கடன் கொடுத்தார்க்குத் திருப்பித் தருதல் பெற்றோர் கடன். பெற்றோர் தாழாது நிற்கும்வரை உடனிருத்தல் கொடுத்தோர் கடன். இவ்விரண்டும் ஒருங்கு நிகழுமிடத்தே நாணயம் என்னுஞ் சொல் தன் இருபொருளும் நிரம்பி விளங்கும்.