காஹாங்கில் ஆய்வைத் தொடங்கும் இளம் மருத்துவருக்கு

குளுவாங்கிலிருந்து மெர்சிங் நோக்கிச் செல்லும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த காஹாங்கில் நீரிழிவையும் அதனோடு சேர்ந்து வரும் இதயநோய் அபாயத்தையும் ஆராய முன்வந்திருக்கும் இளம் மருத்துவருக்கு, இத்துறையில் முன்சென்றவர்களின் பணியிலிருந்து பெறத்தக்க சில எண்ணங்கள் இங்கே எழுதப்படுகின்றன.

உணவை ஆற்றலாக மாற்றிச் சேமித்துச் செலவிடும் உடலின் ஏற்பாடு நிலைகுலைவதையே வளர்சிதைமாற்றக் கோளாறு என்கிறோம். அந்த ஏற்பாட்டை நடத்தும் இன்சுலின், தைராய்டு சுரப்பு முதலிய இயக்குநீர்களில் பழுது நேரும்போது அது நாளமில்லாச் சுரப்பிகளின் நோயும் ஆகிறது. இனிப்புநீர், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு என்று தோட்டத்து மக்கள் தனித்தனியாகச் சொல்பவை பலவேளைகளில் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்பதை 1988இல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்ட் ரீவன் வலியுறுத்தினார். இன்சுலின் சுரந்தும் தசையும் கல்லீரலும் அதற்குச் செவிசாய்க்காத நிலை, அதாவது இன்சுலின் எதிர்ப்பு, அவ்வேர் என்பது அவர் கருத்து.

மலேசியாவின் தேசிய சுகாதார, நோயுற்றோர் ஆய்வு 2019இல் 18 வயதைக் கடந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியரிடையே அந்த அளவு 31.4 விழுக்காடு. தமிழர் வாழும் தோட்டப்புறத்தில் ஆய்வு செய்ய வரும் எவர் கைக்கும் முதலில் வந்து சேரும் எண் இதுதான். அதை விடையாக எடுத்துக்கொள்வோர் பலர், வினாவாக எடுத்துக்கொள்வோர் சிலர். படிவத்தில் இனம் என்ற கட்டத்தை நிரப்பியதோடு காரணத்தையும் கண்டுவிட்டதாக எண்ணுவது எவ்வளவு பெரிய பிழை என்பதை மலாயாவின் மருத்துவ வரலாறே ஒருமுறை காட்டியிருக்கிறது. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளரிடையே பெரிபெரி என்னும் நோய் எண்ணற்ற சாவுகளை விளைவித்தது. கைகால் நரம்புகளைச் செயலிழக்கச் செய்து, கால்களை வீங்க வைத்து, இறுதியில் இதயத்தையே தளரச் செய்யும் அந்நோய், அதே நாட்டின் அதே வெயிலிலும் மழையிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளரை அரிதாகவே தீண்டியது. இடத்தின் நச்சு என்றும் தொற்று என்றும் விளக்கங்கள் உலவிய அக்காலத்தில், நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் லெனார்ட் பிராடன் இரு சாராரின் சோற்றுப் பானையை ஒப்பிட்டார்: சீனர் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி, தமிழர் உண்டது புழுங்கலரிசி. 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் இதனைச் சோதனைக்கு உட்படுத்தி, நோயாளிகளை ஒருவர்விட்டு ஒருவராக இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய அரிசியும் மறுபிரிவுக்குப் புழுங்கலரிசியும் ஓராண்டு வழங்கியபோது, முதற்பிரிவின் 120 பேரில் 43 பேர் நோயுற்று 18 பேர் இறந்தனர். மறுபிரிவின் 123 பேரில் நோய் காணப்பட்டோர் இருவரே, அவர்களும் நோயோடு வந்து சேர்ந்தவர்கள். குற்றம் கட்டடத்தில் இருக்குமோ என்ற ஐயம் எஞ்சாதிருக்க, இடையில் இரு பிரிவினரின் விடுதிகளையும் அவர் மாற்றிவிட்டார். பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃப்ரேசரும் ஸ்டான்டனும் ஜாவானியத் தொழிலாளரிடம் இதே முடிவை உறுதிப்படுத்தினர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயாமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே புகுந்துவிடுகிறது என்ற விளக்கம் பிற்காலத்தில் கிடைத்தது. அந்நாளில் இனக் கட்டத்தை மட்டும் கொண்ட ஒரு படிவம் இருந்திருந்தால், பெரிபெரி சீனருக்கு வரும் நோய் என்று அது பிழையின்றிக் கணக்கிட்டிருக்கும். அந்தக் கணக்கால் ஓர் உயிரும் பிழைத்திருக்காது. ஒப்புதல் கேட்கப்படாத மனநோயாளிகளின் சாவை விலையாகக் கொண்ட ஃபிளெட்சரின் முறை இன்று எந்த அறநெறிக் குழுவின் முன்னும் நிற்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

31.4 என்ற எண்ணுக்குப் பின்னாலும் பானை உண்டு, ஆனால் அதோடு முடிவதில்லை. புனே வட்டாரச் சிற்றூர்களில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் நடத்திய ஆய்வு, அங்கே பிறக்கும் குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ எடையே கொண்டிருந்தும், 3.5 கிலோ எடையுள்ள ஆங்கிலேயக் குழந்தைகளோடு ஒப்பிடுகையில் தசையில் குறைந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்பில் குறையவில்லை என்று காட்டியது. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பைச் சுமக்கும் இந்த உடல்வாகைக் கருதியே தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் இடுப்புச் சுற்றின் எல்லையாக வகுக்கப்பட்டன. ஆகவே காஹாங் ஆய்வாளரின் படிவம் எடையோடு நின்றுவிடாமல், தாயின் பேறுகால வரலாறு, வீட்டில் வாங்கும் அரிசியின் வகை, வேலை நேரம், கிளினிக்குக்குச் செல்ல இழக்க வேண்டிய நாட்கூலி ஆகியவற்றையும் கேட்டால்தான், பரம்பரை எதை விளக்குகிறது, வாழ்க்கை எதை விளக்குகிறது என்று பிரித்தறிய இயலும்.

தடுப்பு பற்றிய ஆய்வுகளில் தமிழர் பெருமைப்படத்தக்கது சென்னையில் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம். நீரிழிவை எட்டாவிட்டாலும் குளுக்கோஸ் அருந்தியபின் சர்க்கரை மிகுந்து நின்ற 531 பேரில், மூன்றாண்டில் வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55.0 விழுக்காட்டினருக்கும், உணவு, நடை ஆகியவற்றில் வழிநடத்தப்பட்டோரில் 39.3 விழுக்காட்டினருக்கும், மெட்ஃபார்மின் மாத்திரை பெற்றோரில் 40.5 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்றோருக்குக் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. இம்முடிவை அப்படியே காஹாங்குக்கு எடுத்துவருமுன் அதன் நுண்விவரத்தைப் படிக்க வேண்டும். பங்கேற்றோர் பெரும்பாலும் அலுவலகங்களில் பணியாற்றிய நடுத்தர வர்க்கத்தினர். ஏற்கெனவே உடலுழைப்பில் இருந்தவர்களிடம் புதிதாக நடக்கச் சொல்லாமல் வழக்கத்தைத் தொடருமாறே அங்கே கூறப்பட்டது. நாள் முழுதும் செம்பனைக் குலை வெட்டிச் சுமப்பவரிடம் தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொல்லும் அறிவுரைத் தாள், எழுதியவருக்குத் தோட்டம் தெரியாது என்பதைத்தான் தெரிவிக்கும்.

அளவுகோல்களிலும் இத்தகைய பொறிகள் உண்டு. சிவப்பணுவின் ஆயுட்காலத்தில் அதன் ஹீமோகுளோபினில் சர்க்கரை எவ்வளவு ஒட்டியது என்பதைக் கொண்டு கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை மதிப்பிடும் எச்பிஏ1சி சோதனை, நோன்பிருக்க வேண்டாததால் தோட்டப்புறத்துக்கு வசதியானது. எனினும் இரும்புச்சத்துக் குறைவால் அது பொய்யாக உயரலாம், சிவப்பணு விரைவில் அழியும் நோய்களில் பொய்யாகத் தாழலாம், மலேசியாவில் பரவலாயுள்ள தலசீமியாவும் ஹீமோகுளோபின் ஈ என்னும் மரபுவகையும் கருவிக்கேற்ப அதைத் திரிக்கலாம். இதற்கு மேலாக, மலேசிய மருத்துவ வழிகாட்டி 6.3 விழுக்காட்டிலிருந்தே நீரிழிவு என்று கொள்ள, உலக சுகாதார நிறுவனம் 6.5ஐக் கொள்கிறது. இரத்த முழு எண்ணிக்கையைச் சேர்த்து எடுக்காமல், எல்லையைக் குறிப்பிடாமல் வெளியிடப்படும் ஒப்பீடு, சென்னைக்கும் ஜொகூருக்கும் இடையே இல்லாத வேற்றுமையை உண்டாக்கிவிடும்.

எண்ணைத் தாழ்த்துவதே சிகிச்சை என்ற நம்பிக்கைக்கு 2008இல் அக்கார்ட் ஆய்வு பெரும் அடி கொடுத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரிடம் நடந்த அதில், எச்பிஏ1சியை 6.0க்குக் கீழே இறக்கக் கடுமையாக முயன்ற பிரிவில் 257 பேரும், மற்றப் பிரிவில் 203 பேரும் இறந்ததால், அக்கடும் சிகிச்சை இடையிலேயே நிறுத்தப்பட்டது. ஆகவே காஹாங் ஆய்வும் சர்க்கரையை மட்டுமன்றி மாரடைப்பையும் சாவையும் எண்ணியாக வேண்டும். அதற்குப் பல்லாண்டுத் தொடர்பு தேவை. ஜொகூரிலேயே சிகாமட் மாவட்டத்தில் மோனாஷ் பல்கலைக்கழகம் அமைத்த சமூக ஆய்வுக் களம், வீடுகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்று அத்தகைய தொடர்பைப் பேணுவதற்குப் பக்கத்திலுள்ள முன்மாதிரி. வேலை தேடி ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் பெயர்ந்துவிட்டவர்களைக் கணக்கிலிருந்து விட்டுவிட்டால், எஞ்சியோரின் நலமோ நலக்கேடோ எல்லாருடையதாகவும் தோன்றும்.

ஒப்புதல் பெறும் இடம் குறித்தும் தெளிவு வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மேற்பார்வையாளர் பெயர் கூப்பிட்டு அனுப்பும் தொழிலாளரால் மறுக்க முடியாது. மறுக்க முடியாதவர் தந்த கையெழுத்து ஒப்புதல் ஆகாது. லயத்து வீட்டில், வேலை முடிந்த மாலையில், அவருக்குப் பழகிய மொழியில் விளக்கி, யோசித்துச் சொல்ல ஓரிரு நாள் விட்டுக் கேட்பதே முறை.

சாவைப் பதிவதுதான் எல்லாவற்றிலும் கடினம். மருத்துவமனைக்கு வெளியே நேரும் இறப்புகள் பல காவல்நிலையத்தில் அறிவிக்கப்பட்டு, மருத்துவர் பாராமலே முதுமை என்று காரணம் எழுதப்படுவதால், வீட்டில் மாரடைப்பால் இறந்தவர் இதயநோய்க் கணக்கில் இடம்பெறாமலே போகலாம். உறவினரிடம் இறுதி நாட்களின் அறிகுறிகளைக் கேட்டறிந்து காரணத்தை மதிப்பிடும் வாய்மொழி ஆய்வு இதற்கென உருவானது. கருமாதி முடியும் வரை காத்திருந்து, அந்தக் குடும்பத்துக்குப் பழக்கமான ஒரு தாதியைத் துணைக்கு அழைத்துச் சென்று, மார்பில் அழுத்தம் இருந்ததா, வியர்த்ததா, எவ்வளவு நேரத்தில் உயிர் பிரிந்தது என்று பக்கத்திலிருந்தவரிடமே கேட்டு, இறந்தவரின் கிளினிக் புத்தகத்தில் உள்ள கடைசிச் சர்க்கரை, இரத்த அழுத்த அளவுகளையும் அவர் உண்டுவந்த மாத்திரைகளையும் உடன் குறித்துக்கொள்வது நல்லது.