முன்னால் ஒரு சிறகு

தி. நகரில் ஒரு மொட்டைமாடி, மேலே தகரக் கூரை, நடுவே நீளமான மேசை. லாங்-ஈசி என்னும் இரண்டு இருக்கை விமானத்தைக் கட்டத் தொடங்க இவ்வளவு இடம் போதும். இறக்கை நுனிக்கு நுனி 8 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நீளம் 5 மீட்டர் சொச்சம். போல்ட்டைக் கழற்றினால் இறக்கைகள் தனியே வந்துவிடும் என்பதால், ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகச் செய்துகொள்ளலாம். காலி எடை ஏறக்குறைய 320 கிலோ. அமெரிக்காவின் பர்ட் ரூட்டான் வடிவமைத்த இந்த விமானம் முதலில் பறந்தது 1979-ல். அதன் வரைபடங்களை வாங்கி, பல நாடுகளில் சாதாரண மனிதர்கள் தங்கள் வீட்டுக் கொட்டகைகளில் கட்டினார்கள். பெரிய இறக்கை பின்னால், எஞ்சின் அதற்கும் பின்னால், மூக்கருகே குறுகலாக இன்னொரு சிறகு. அந்த முன்சிறகுக்குத்தான் கனார்டு என்று பெயர்.

சொந்தமாக விமானம் கட்டும் ஆசை சென்னைக்குப் புதிதல்ல. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், 1910-லேயே தானே வடிவமைத்த விமானத்தை சிம்ப்சன் கம்பெனியில் கட்டச் சொன்னார். அது குதிரை வண்டிகள் செய்து பேர் வாங்கிய பட்டறை. பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, தீவுத்திடலில் கட்டணம் வைத்து மக்களுக்குப் பறந்து காட்டினார்.

கனார்டுக்கு வந்தால், இந்தியாவின் நல்ல உதாரணம் பெங்களூரில் இருக்கிறது. அங்குள்ள தேசிய வான்வெளி ஆய்வகமான என்.ஏ.எல்., லாங்-ஈசியை அடிப்படையாக வைத்து எல்.சி.ஆர்.ஏ. என்ற ஆய்வு விமானத்தைக் கட்டி 1987-ல் பறக்கவிட்டது. ஓர் அரசு ஆய்வகம் வீட்டில் கட்டும் விமானத்தைக் கையில் எடுத்தது பாராட்ட வேண்டிய முடிவு. கண்ணாடி இழைத் துணியாலும் எபாக்சி பிசினாலும் விமானம் கட்டும் பழக்கம் அதில் கைவந்தது. அடுத்து வந்த ஹன்சா பயிற்சி விமானம் முழுக்க அதே போல இழையும் பிசினும் சேர்ந்த காம்போசிட் வகை. அதைப் பிற்பாடு தயாரித்த தனேஜா நிறுவனம் நம் ஓசூரில் இருக்கிறது. ஆய்வகமே பழகிப் பார்த்துத்தான் கற்றது என்றால், மாடியில் கட்டுபவருக்கும் முதல் வேலை பழகிப் பார்ப்பதுதான்.

ரூட்டானின் முறையில் அச்சு கிடையாது. ஃபோம் கட்டியின் இரண்டு முனைகளிலும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தில் தகடுகளைப் பொருத்தி, சூடேறிய கம்பியால் அறுக்க வேண்டும். தகடுகளின் விளிம்பில் எண்கள் குறித்திருக்கும். கம்பியின் இரு முனைகளையும் இருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் தன் பக்கம் கம்பி தொடும் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர் அதே நொடியில் அதே எண்ணில் இருக்க வேண்டும். ஒருவர் பிந்தினால் கம்பி வளைந்து, இறக்கையின் மேற்பரப்பில் அலை விழும். அந்த அலை பெயின்ட்டுக்கு அடியில் ஒளியலாம், காற்றுக்கு ஒளியாது. அவசரக்காரரைத் துணைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வது இதனால்தான்.

அடுத்தது துணி ஒட்டுவது. பிசின் போதாத இடம் வெள்ளையாகத் தெரியும். அதிகமான இடம் பளபளக்கும். துணியின் நெசவு கண்ணுக்குத் தெரிய வேண்டும், மேலே பிசின் தேங்கக் கூடாது. கூடுதல் பிசின் பலம் தராது, எடைதான் தரும். ரூட்டானின் வரைபடப் புத்தகம் புதியவரை நேரே இறக்கைக்கு அனுப்புவதில்லை. முதலில் ஒரு ஃபோம் துண்டின் மேல் துணி ஒட்டி, காய்ந்ததும் இரு முனைகளுக்கும் முட்டுக் கொடுத்து அதன் மேல் ஏறி நிற்கச் சொல்கிறது. கையால் நொறுக்கக்கூடிய ஃபோம், இரண்டு பக்கமும் துணி ஏறியதும் ஆளைத் தாங்குகிறது. இந்தப் பயிற்சியைத் தாண்டிக் குதிப்பவர்கள் பிறகு தாங்கள் ஒட்டிய எதையும் நம்ப முடியாமல் தவிப்பார்கள்.

சென்னை வெயிலில் எபாக்சி தனிக் கவனம் கேட்கும். கலக்கிய பிசின் கோப்பையில் மொத்தமாகக் கிடந்தால் தன் சூட்டிலேயே கொதித்து, பாதி வேலையில் இறுகிவிடும். மே மாதத்தில் விடியற்காலையில் தொடங்கி, சின்னச் சின்ன அளவாகக் கலக்குவதே வழி. அளவை எப்போதும் தராசில் பார்க்க வேண்டும்; கண்ணளவு உதவாது. காற்றில் ஈரம் அதிகமானால், சில வகை எபாக்சியின் மேல் மெழுகு போல ஒரு படலம் படியும். அதைத் தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, உரசிய பிறகே அடுத்த அடுக்கு. மயிலாப்பூர், அடையாறு போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் ஈரப்பதமானி ஒன்று வாங்கி மாட்டிக்கொள்வது நல்லது. ரூட்டான் விமானங்கள் வெள்ளையாகவே இருப்பதும் வெயிலை முன்னிட்டுத்தான். அடர்ந்த நிறம் வெயிலை உள்ளிழுத்தால் ஃபோமும் பிசினும் இளகத் தொடங்கும். நம் ஊரில் அந்த விதியை மீறவே கூடாது.

எதை எதோடு சேர்க்கலாம் என்பதை ஒரு தெர்மகோல் துண்டே கற்றுத்தரும். அதில் ஒரு சொட்டு பெட்ரோல் விட்டால் கண்முன்னே குழி விழும். அதனால்தான் இறக்கைக்குப் பயன்படும், தெர்மகோல் இனத்துப் பாலிஸ்டைரீன் ஃபோமை லாங்-ஈசியின் பெட்ரோல் டாங்கில் வைப்பதில்லை, அங்கே பி.வி.சி. ஃபோம். பாலியெஸ்டர் பிசினும் தெர்மகோலைக் கரைக்கும், எபாக்சி கரைக்காது. இன்றைய பங்க் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால், அது டாங்கின் பிசினை என்ன செய்யும் என்று மாதிரித் துண்டை ஊறவைத்துச் சோதிக்காமல் ஊற்றக் கூடாது.

இத்தனை பாடும் எதற்காக? வேகம் குறையும்போது மூக்கை மேலும் மேலும் உயர்த்தினால், சாதாரண விமானத்தில் ஒரு கட்டத்தில் இறக்கையை விட்டுக் காற்றோட்டம் பிரிந்து தூக்குவிசை சரியும். அதுதான் ஸ்டால். கனார்டு விமானத்தில் முன்சிறகு முதலில் ஸ்டால் ஆகும்படி அமைத்திருக்கிறார்கள். மூக்கு தானாகத் தாழும், வேகம் பிடிக்கும், மறுபடி எழும். பின்னிறக்கை அந்த எல்லையைத் தொடுவதே இல்லை. ஆனால் இந்தப் பாதுகாப்பு முழுவதும் எடை மையம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்பதை நம்பியிருக்கிறது. மையம் மிகவும் பின்னால் போனால் பெரிய இறக்கையும் ஸ்டால் ஆகி, மூக்கைத் தாழ்த்தவே முடியாத நிலை வரலாம்.

எஞ்சின் பின்னால் இருப்பதால், கூடுதல் குதிரைத்திறனுக்கு ஆசைப்பட்டுக் கனமான எஞ்சின் மாட்டுபவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது எடைக் கணக்கு. லாங்-ஈசியில் பின்சீட்டு எடை மையத்துக்கு அருகே இருக்கிறது. பயணி ஏறினாலும் இறங்கினாலும் பெரிய மாற்றம் இல்லை. மையத்தை நகர்த்துபவர் முன்சீட்டுப் பைலட்தான். ஒல்லியானவர் ஓட்டினால் மூக்கில் ஈயக்கட்டி வைக்க வேண்டியிருக்கும். ஆளில்லாமல் நிறுத்தும்போது விமானம் பின்பக்கம் சாயாமலிருக்க, முன்சக்கரத்தை மடக்கி மூக்கைத் தரையில் வைத்துத்தான் நிறுத்துவார்கள். முதல் சோதனைப் பறத்தல்களில் மையத்தை முன்பக்கமாக வைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னே நகர்த்துவது வழக்கம்.

வடகிழக்குப் பருவமழையை அறிந்த சென்னைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதலில் வந்த முன்சிறகின் வடிவம் மழையில் தூக்குவிசையை இழந்தது. வழுவழுப்பான பரப்பில் சீராக ஓடும் காற்றை நம்பிய வடிவம் அது. நீர்த்துளிகள் படிந்ததும் காற்றோட்டம் குலைந்து, மூக்கு தாழ்ந்தது, பைலட் கட்டுப்பாட்டுக் கோலை இழுத்துப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஜான் ரான்ஸ் வடிவமைத்த புதிய முன்சிறகு இந்தக் குறையைத் தீர்த்தது. மாற்றம் செய்ய விரும்புபவருக்கு இது நல்ல முன்மாதிரி. காற்றியக்கம் தெரிந்தவர் கணக்கிட்டார், பறந்து சோதித்தார்கள், அளவுத் தகடுகளோடு எல்லாரிடமும் சேர்த்தார்கள்.

அப்படி நடக்காத மாற்றத்துக்கு விலை கொடுத்தவர் பாடகர் ஜான் டென்வர். 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியாவின் மான்ட்டரே விரிகுடாவில் அவருடைய லாங்-ஈசி விழுந்து அவர் இறந்தார். டாங்க் மாற்றும் வால்வின் கைப்பிடி, வரைபடத்தின்படி பைலட்டின் முன்னால், கால்களுக்கு நடுவே இருக்க வேண்டும். அந்த விமானத்தைக் கட்டியவர் அதைப் பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோயிருந்தார். பெட்ரோல் குழாய் காக்பிட்டுக்குள் வரக் கூடாது என்பது அவர் எண்ணம். தனியாகப் பார்த்தால் நியாயமான எண்ணம்தான். ஆனால் அந்தப் பிடியைத் திருப்ப, கோலிலிருந்து கையை எடுத்து உடம்பைத் திருப்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல் ரட்டர் பெடலை அழுத்திவிடுவதை விசாரணையாளர்கள் கண்டார்கள். எதையும் இடம் மாற்றும் முன் அட்டையில் காக்பிட் செய்து, பெல்ட்டை இறுக்கிக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு கை எட்டுகிறதா என்று பார்த்திருந்தால் இது பட்டறையிலேயே தெரிந்திருக்கும்.

ஓடுபாதையையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ரூட்டானின் இந்த விமானங்களில் ஃபிளாப் இல்லை. பின்னிறக்கையில் ஃபிளாப் இறக்கினால் மூக்கு தாழும்; அதைத் தூக்கிப் பிடிக்கும் பலம் முன்சிறகுக்குப் போதாது. எனவே வேகமாகத்தான் இறங்கும், நீளமான தார்ப்பாதை வேண்டும். சக்கரம் தெறிக்கும் கூழாங்கல் பின்னாலிருக்கும் ப்ரொபெல்லரைத் தாக்கும் என்பதால் மண்தரை ஆகாது.

அனுமதிக்கு மும்பைப் பைலட் அமோல் யாதவின் கதையைப் படிக்க வேண்டும். அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் அவர் கட்டிய ஆறு இருக்கை விமானம் 2016 பிப்ரவரியில் மேக் இன் இந்தியா கண்காட்சிக்கு வந்தது. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் பதிவு கிடைத்தது 2017-ல். அங்கே பேசப்போவது காகிதங்கள்தான். எந்த நாளில் எந்தப் பாகம், பிசினின் பெயரும் தொகுதி எண்ணும், அன்றைய வெப்பமும் ஈரமும், ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை என்று எழுதிவைக்க வேண்டும். ஃபோமுக்குள் மறைந்துபோகும் ஒவ்வொரு போல்ட்டையும், மூடுவதற்கு முன் ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுக்க வேண்டும். முதல் துணித்துண்டை வெட்டும் அன்றே அந்த நோட்டைத் தொடங்கிவிடுங்கள்.